நெருப்பில்லாத நெருப்பு வீரர்

நெருப்பு, நீர், பனி என்று வகை பிரித்த கற்பனை உயிரினங்களைப் பிடித்து மோதவிடும் போகிமான் விளையாட்டுகளில் பழையவற்றைப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டேன். மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் பொறுத்தருள்க. இப்படி ஒரு வாய்ப்பு அமைந்தால் நான் விடமாட்டேன் என்பது இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: அக்கா, பள்ளியில் படிக்கும்போது போகிமான் டயமண்ட் என்றால் எனக்கு உயிர். வேலைக்குப் போன பிறகு பழைய நின்டெண்டோ டி.எஸ். விளையாட்டுக் கருவியைத் தேடி எடுத்து மறுபடியும் தொடங்கினேன். எல்லாமே ஆமை வேகம். நெருப்பு வகைப் போகிமானைத் தேடினால் அகப்படவே இல்லை. இதையா அப்படித் தலையில் தூக்கி வைத்து ஆடினேன்? அப்போது எனக்கு ரசனையே கிடையாதா?

பதில்: ரசனைக்கு ஒரு குறையும் இல்லை, தம்பி. ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று கையில் இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் உண்மையே. முதலில் நெருப்பு. 2006 செப்டம்பரில் ஜப்பானில் டயமண்டும் பேர்லும் வெளிவந்தன. தொடரின் நான்காம் தலைமுறை. புதிதாக 107 போகிமான்களைக் கொண்டுவந்தார்கள். ஆனால் கதை நடக்கும் சின்னோ வட்டாரத்தின் பட்டியலில் நெருப்பு வகை என்று பார்த்தால் இரண்டே குடும்பங்கள்: தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் சிம்ச்சார், புல்வெளியில் கிடைக்கும் போனிட்டா. சிம்ச்சாரை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்தவருக்குப் போனிட்டாவே கதி. அந்தத் தலைமுறையின் பெருமை என்று படம் போட்டுக் காட்டிய மேக்மார்ட்டர், எலெக்டிவயர், மாமோஸ்வைன் போன்றவை கதை முடியும்வரை கண்ணில் படாது. கதையின் கடைசிப் போட்டியான லீக்கை வென்று, வட்டாரப் பட்டியலில் உள்ள 150 போகிமான்களையும் பார்த்து முடித்து, மற்ற வட்டாரப் போகிமான்களும் அடங்கிய தேசியப் பட்டியல் கைக்கு வந்த பிறகே அவற்றுக்கு வழி திறக்கும்.

இந்தப் பஞ்சம் எங்கே பல்லை இளிக்கிறது என்றால், லீக்கில் நம்மோடு மோதும் நால்வர் அணியின் ஃபிளின்ட்டிடம். மனிதர் நெருப்பு வகையில் கரைகண்டவராம், தலைமுடியே தீக்கொழுந்து. அவருடைய ஐந்து போகிமான்களில் ராப்பிடாஷ், இன்ஃபெர்னேப் இரண்டுதான் நெருப்பு. மற்றவை ஸ்டீலிக்ஸ், லோபனி, டிரிஃப்பிளிம். இரும்புப் பாம்பும் முயலும் பலூனும்! வடிவமைத்தவர்களுக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். ஸ்டீலிக்ஸுக்கு நெருப்புக் கடியும், முயலுக்கு நெருப்புக் குத்தும் கற்றுக்கொடுத்து ஒப்பேற்றிவிட்டார்கள். சிறுவயதில் நான் இதைக் கவனிக்கவே இல்லை. ஸ்டீலிக்ஸ் வாயில் தீயோடு வந்ததும், 'எவ்வளவு தந்திரக்காரர் இந்த ஃபிளின்ட்!' என்று வியந்தேன். லீக்குக்குப் போகுமுன் வெல்ல வேண்டிய எட்டு ஜிம்களில் மின்சார ஜிம்மின் தலைவர், ஃபிளின்ட்டின் ஊர்க்காரரான வோல்க்னரும் லேசுப்பட்டவர் அல்லர். நான்கில் இரண்டுதான் மின்சாரம். மூன்றாவது ஒரு குரங்கு, நான்காவது ஒரு ஆக்டோபஸ்.

அடுத்தது வேகம். இதில்தான் உங்களோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. அந்த விளையாட்டில் இரண்டு வகை மந்தம் உண்டு. ஒன்று, இயந்திரத்தின் மந்தம். அடி விழுந்த பிறகு போகிமானின் மீதி உயிரைக் காட்டும் ஹெச்.பி. பட்டை சொட்டுச் சொட்டாக வடிவது, நீரில் சர்ஃப் செய்யும்போது ஊர்வது, நிறையத் தரவு சேமிக்கிறேன் என்று சொல்லிக் காக்கவைப்பது. ஹெச்.பி. மலைபோல் உள்ள பிளிஸ்ஸியை அடித்துவிட்டு அந்தப் பட்டை காலியாகும்வரை பார்த்துக்கொண்டிருப்பதில் எந்தக் கலையும் இல்லை. அது குறை. எந்த வயதில் பார்த்தாலும் குறை.

இன்னொன்று, இடத்தின் மந்தம். சின்னோவின் நிலப்படம் ஜப்பானின் வடக்கே உள்ள ஹொக்கைடோ தீவை ஒட்டி வரையப்பட்டது. வடக்கே ஏற ஏறப் பனி. 217ஆம் பாதைக்கு வந்தால் கால் பனிக்குள் புதைகிறது, நடை தளர்கிறது, பனிப்பொழிவில் எதிரே என்ன இருக்கிறது என்பதே மங்கலாகத்தான் தெரிகிறது. சண்டை வந்தாலும் ஆலங்கட்டி விழுந்து, பனி வகையல்லாத போகிமான்களுக்கு ஒவ்வொரு சுற்றிலும் பதினாறில் ஒரு பங்கு ஹெச்.பி. குறைகிறது. என்னிடம் இருந்ததோ டோர்ட்டெரா. புல்லும் மண்ணும் கலந்த வகை. பனித் தாக்குதல் என்றால் நான்கு மடங்கு அடி. அந்தப் பாதையைக் கடப்பதே எனக்கு ஒரு படையெடுப்பு. நடுவில் ஒரு வீடு தென்பட்டு, கதவைத் திறந்து உள்ளே போனதும் பனிச்சத்தம் நின்றபோது வந்த நிம்மதி, பிறகு வந்த எந்த வேகமான விளையாட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

சிறுவயதில் இந்த இரண்டு மந்தங்களும் ஒன்றாகக் குழைந்து நம் மனத்தில் 'சின்னோ' என்று பதிந்துவிட்டன. இப்போது திரும்பிப் போனவுடன் முதல் மந்தம் முகத்தில் அறைகிறது. இரண்டாவது வருவதற்குள் நீங்கள் கருவியை மூடிவிட்டீர்கள். எந்த ஊரில் நிறுத்தினீர்கள் என்று எழுதவில்லை. பனிக்கு முன்பே என்றால், தயவுசெய்து பனிவரை போய்ப் பாருங்கள்.

கேள்வி: இந்தக் குறைகளையெல்லாம் டயமண்டின் திருத்திய பதிப்பான பிளாட்டினம் சரிசெய்துவிட்டதே. அப்புறம் எதற்கு டயமண்டைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

பதில்: முதன்முதலாக விளையாடுபவர் என்றால் பிளாட்டினம்தான், இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே கிடையாது. 2008 செப்டம்பரில் வந்தது. வேகத்தைக் கூட்டினார்கள், வட்டாரப் பட்டியலை 210 ஆக்கினார்கள், ஃபிளின்ட்டுக்கு ஹவுண்டூம், ஃபிளேரியான், மேக்மார்ட்டர் கொடுத்து மானத்தைக் காப்பாற்றினார்கள். பழைய நினைவைத் தேடிப் போகிறவருக்கு மட்டும் அது வேறு வீடு. நன்றாகத்தான் இருக்கும், நீங்கள் வாழ்ந்த வீடாக இருக்காது.

எனக்குப் புரியாதது 2021 நவம்பரில் வந்த மறுபதிப்புதான். பிரில்லியண்ட் டயமண்ட், ஷைனிங் பேர்ல் என்று இல்கா நிறுவனம் செய்தது. மூலத்துக்கு உண்மையாக இருக்கிறோம் என்று சொல்லிப் பிளாட்டினத்தின் திருத்தங்களில் பெரும்பகுதியை ஓரங்கட்டிவிட்டார்கள். நிலத்தடிக் குகைகளில் வேறு நெருப்பு வகைப் போகிமான்களை நாம் பிடித்துக்கொள்ளலாம். அவற்றோடு போய் நின்றால், எதிரே ஃபிளின்ட் பழையபடி ஸ்டீலிக்ஸையும் முயலையும் பலூனையும் வைத்துக்கொண்டு நிற்கிறார்! வட்டாரத்தில் நெருப்பு இல்லை என்பதுதான் 2006இல் அவருக்கு இருந்த ஒரே சாக்கு. அந்தச் சாக்கும் போன பிறகு எதற்கு இந்த விசுவாசம்? குறையைப் பொறுத்துக்கொள்வது நம்மைப் போன்ற பழைய ரசிகர்களின் வேலை. அதை அச்சுப் பிசகாமல் பிரதியெடுப்பது மரியாதையாகாது.

கேள்வி: டயமண்டில் லீக்கின் கடைசியில் வரும் சாம்பியன் சிந்தியாவை வெல்லவே முடியவில்லை. அவருடைய கார்சோம்ப் என்ற போகிமான் என் ஆறு பேரையும் ஊதித் தள்ளிவிடுகிறது. வழி சொல்லுங்கள்.

பதில்: உங்கள் மேல் பிழையில்லை, கணக்கு அப்படி. எட்டாவது ஜிம்மில் வோல்க்னரின் லக்ஸ்ரே லெவல் 49. சிந்தியாவின் கார்சோம்ப் லெவல் 66. நடுவில் ஏறுவதற்குப் படிகள் போதாது. பிளாட்டினத்தில் இதை 62 ஆகக் குறைத்தார்கள் என்பதிலிருந்தே தெரியவில்லையா?

கார்சோம்ப் டிராகனும் மண்ணும்; பனித் தாக்குதல் நான்கு மடங்கு வலிக்கும். எல்லோரும் பனி வகை வீவைலைச் சொல்வார்கள். சரிதான். இந்தத் தலைமுறையில்தான் ஒவ்வொரு தாக்குதலும் உடல் பலத்தால் அடிப்பதா (உடல்வலி), சிறப்புச் சக்தியால் அடிப்பதா (சிறப்புவலி) என்று தனித்தனியாகப் பிரிக்கப்பட்டது. அதற்குமுன் வகையைப் பார்த்துத்தான் முடிவாகும். பனியும் இருளும் சிறப்புவலி என்பதால் உடல்வலி மிகுந்த ஸ்னீசலின் (வீவைலின் முந்தைய வடிவம்) நகத்துக்கு மதிப்பே இல்லாமல் இருந்தது. டயமண்ட் அந்த அநியாயத்தைத் தீர்த்தது. குறைகளைப் பட்டியலிடுகிறவர்கள் இதையும் வரவில் எழுத வேண்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்தக் கார்சோம்புக்கு பிரிக் பிரேக் தெரியும். பனியும் இருளும் கலந்த வீவைலுக்கு அது நான்கு மடங்கு அடி. முந்தி அடிப்பவர் பிழைப்பார். இயல்பில் வீவைல்தான் வேகம் கூடியது. ஆனால் உங்களுடையது லெவல் 55இல் இருந்தால் முந்துவது உறுதியில்லை. அறுபதைத் தாண்டிவிட்டுப் போங்கள். லீக்குக்கு முன்னால் வரும் விக்டரி ரோடும் நால்வர் அணியும் திரும்பத் திரும்ப மோதுவதற்குத்தான் இருக்கின்றன. அலுக்கும். வேறு வழியில்லை.

கேள்வி: பிடூஃப், அது வளர்ந்து ஆகும் பிபரேல் இரண்டையும் ஏன் எல்லோரும் கேலி செய்கிறார்கள்? பாவமாக இருக்கிறது.

பதில்: கேலி செய்கிறவர்கள்தான் கதை முழுக்க அதன் முதுகில் ஏறி வந்தவர்கள். டயமண்டில் வழியில் உள்ள தடைகளைக் கடக்கப் போகிமானுக்குக் கற்றுத்தரும் எட்டுத் தாக்குதல்கள், அதாவது எட்டு ஹெச்.எம். உண்டு. ஆறு போகிமானுக்கு நான்கு தாக்குதல் வீதம் மொத்தம் 24 இடங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கை மரம் வெட்டவும் பாறை ஏறவும் மூடுபனி விலக்கவும் ஒதுக்க வேண்டும். அவற்றை மறக்கடிக்கக் கனலேவ் நகரம்வரை போய் ஓர் ஆளைப் பார்க்க வேண்டும். பிபரேல் ஒன்றே அவற்றில் பெரும்பாலானவற்றைக் கற்கும். ஆனால் ஒரே நேரத்தில் நான்குதான். என் டோர்ட்டெராவின் அருமையான நான்காவது இடத்தைப் பாறை ஏறும் ராக் கிளைம்ப் பிடித்துக்கொண்ட வயிற்றெரிச்சல் இன்றும் தணியவில்லை. 2016இல் சன், மூன் வந்தபோது தொடர் ஹெச்.எம்.களை ஒழித்தது. பிடூஃபுக்கும் அன்றுதான் விடுதலை.

கேள்வி: தனியாக விளையாடுகிறேன். ஸ்பிரிட்டூம்ப் என்ற போகிமானைப் பிடிக்க முடியுமா?

பதில்: மூல டயமண்டில் தனியாக முடியாது. நிலத்தடியில், அருகில் வேறு கருவியில் விளையாடும் ஆட்களோடு 32 முறை பேச வேண்டும். நண்பர்கள் இல்லாத குழந்தையை இப்படியா தண்டிப்பது என்று எனக்கு அப்போதே கோபம். இணையத்தில் பிறரிடம் பண்டமாற்றாக வாங்கும் வழியும் உங்களுக்கு உதவாது, டி.எஸ். கருவிக்கான நின்டெண்டோவின் இணையச் சேவை 2014 மே மாதத்தில் மூடப்பட்டுவிட்டது. மறுபதிப்பில் கணினியே நடத்தும் பாத்திரங்களோடு பேசினால் போதும். அதைக் குறைகூறிய நானே அதற்கு இந்த ஒரு மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: இன்னும் பின்னால் போய் போகிமான் கோல்டை எடுத்தேன். சேமித்ததெல்லாம் அழிந்துவிட்டது. டயமண்டுக்கும் இதே கதிதானா?

பதில்: இல்லை. கோல்டு, சில்வர் கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு நாணய மின்கலம் இருக்கிறது. கடிகாரமும் சேமிப்பும் அதை நம்பித்தான் இயங்குகின்றன; அது தீர்ந்தால் இரண்டும் போச்சு. புது மின்கலத்தை ஈயத்தால் பற்றவைத்துப் பொருத்தினால் மறுபடியும் சேமிக்கலாம், போனது திரும்பாது. அதற்கு அடுத்த தலைமுறையான ரூபி, சஃபையரில் மின்கலம் கடிகாரத்துக்கு மட்டும்தான். தீர்ந்தாலும் சேமிப்பு தங்கும். டயமண்டில் மின்கலமே இல்லை. நேரத்தைக் கருவியிடம் கேட்டுக்கொள்கிறது. உங்களிடம் இன்னும் உயிரோடு இருக்கும் கோல்டு, சில்வர் கார்ட்ரிட்ஜ் வேறு ஏதாவது இருந்தால், மின்கலத்தில் கை வைப்பதற்குமுன் சேமிப்பைக் கணினிக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். அதற்கென்றே தனிக் கருவிகள் விற்கிறார்கள். மின்கலம் CR2025 என்று எழுதியதாகப் பார்த்து வாங்குங்கள்.