வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்கு ஒரு குளிர்காலத்தில் எவ்வளவு நிலக்கரி செலவாகும்?

அடுப்பின் அளவை வைத்துச் சொல்ல முடியாது. வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதுதான் கணக்கு.

நல்ல ஆந்த்ரசைட் (கடினமான, உயர்தர நிலக்கரி) கிலோவுக்குச் சுமார் 8 கிலோவாட்-மணி வெப்பம் தரும். அடுப்பின் திறன் 70 சதவீதம் என்றால் அறைக்கு வருவது 5.6 கிலோவாட்-மணிதான். சராசரியாக 5 கிலோவாட் தேவைப்படும் வீட்டுக்கு நாளுக்கு 120 கிலோவாட்-மணி, அதாவது ஏறக்குறைய 21 கிலோ கரி. 150 நாளுக்கு 3 டன்னைத் தாண்டும். பழுப்பு நிலக்கரி என்றால் இதைப் போல இரு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். விலை மலிவு என்று ஏமாற வேண்டாம்.

இதைவிட அதிகம் செலவானால் முதலில் அடுப்பின் கதவைப் பாருங்கள். அடுப்பு ஆறியிருக்கும்போது ஒரு தாள் துண்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். எளிதாக உருவி வந்தால் ஓரத்து அடைப்புக் கயிறு தேய்ந்துவிட்டது. அந்த இடுக்கில் காற்று புகுந்து, காற்றுத் திருகை எவ்வளவு குறைத்தாலும் கரி வேகமாக எரிந்து தீரும்.

அடியில் விழும் சாம்பலை, கரி எரியும் கம்பித்தட்டைத் தொடும் அளவுக்குச் சேரவிடாதீர்கள். கீழிருந்து காற்று வராமல் தட்டு பழுத்து வளைந்துவிடும். ஆந்த்ரசைட்டை மேலிருந்து கிளறினால் நெருப்பு அணைந்துபோகும். தட்டை மட்டும் ஆட்டி, கீழே செந்தணல் தெரிந்ததும் நிறுத்துங்கள்.

கரியை மிச்சப்படுத்தப் புகைபோக்கித் தடுப்பை முழுவதும் மூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பும், வாசனையே இருக்காது. அதற்கான எச்சரிக்கைக் கருவி இல்லாமல் இரவில் எரியவிடாதீர்கள்.