ஏழு சென்டிமீட்டர்

கேள்வி: ஒலிம்பிக்கில் ஒரு பதக்கம்கூட வாங்காத பி.டி. உஷாவுக்கு எம்.பி. பதவி எதற்கு?

பதில்: அந்தப் பதக்கம் எப்படிக் கைநழுவியது தெரியுமா? பெண்களுக்கான 400 மீட்டர் தடையோட்டம் ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 1984 லாஸ் ஏஞ்சலஸில்தான். 76.2 செ.மீ. உயரத்தில் பத்துத் தடைகள். முதல் தடைக்கு 45 மீட்டர், பிறகு 35 மீட்டருக்கு ஒன்று, கடைசித் தடை தாண்டியதும் 40 மீட்டர் ஓட்டம். தடைக்குத் தடை இத்தனை காலடி என்று கணக்கு வைத்து ஓட வேண்டும். கணக்கு தப்பினால் தடைக்கு முன்னால் காலடியைக் குறுக்க வேண்டிவரும், வேகம் செத்துவிடும். எல்லைக்கோட்டில் காலையோ தலையையோ பார்ப்பதில்லை, மார்புதான் கணக்கு. வெண்கலம் வென்ற ருமேனியாவின் கொஜோகாரு 55.41 வினாடி, நான்காவதாக வந்த உஷா 55.42. உஷாவின் சராசரி வேகத்துக்கு அந்த வித்தியாசம் ஏழு சென்டிமீட்டர். மார்பை முன்னே சாய்த்தால் கிடைத்துவிடும் தூரம்!

அந்த நேரத்தை 39 ஆண்டுகள் எந்த இந்தியப் பெண்ணும் எட்டவில்லை. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் கோவைப் பெண் வித்யா ராம்ராஜ் எட்டியபோதும் கடிகாரம் காட்டியது அதே 55.42தான். 1985 ஜகார்த்தா ஆசியத் தடகளத்தில் உஷாவுக்கு ஐந்து தங்கம், மறு ஆண்டு சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு. பதக்கத்தை வைத்து அவரைக் குறைசொல்ல வழியே இல்லை.

2022 ஜூலையில் இளையராஜாவோடு மாநிலங்களவை நியமன எம்.பி. ஆனவர் அவர், தேர்தலில் நின்று வந்தவரல்ல. இந்த நியமனத்துக்கு அரசியல் சட்டத்தின் 80வது பிரிவு இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை என நான்கைத்தான் சொல்கிறது. விளையாட்டு அதில் இல்லை. தாராசிங், சச்சின், மேரி கோம் எல்லோரும் அப்படியேதான் உள்ளே போனார்கள். விளையாட்டையும் அந்தப் பிரிவில் சேர்த்துவிட்டால் உங்கள் கேள்விக்கே இடமிருக்காது.

எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. அதே ஆண்டு டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 2023 ஏப்ரலில், தங்கள் சம்மேளனத் தலைவர்மீது பாலியல் புகார் சொல்லி மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் உட்கார்ந்தபோது, தெருவில் இறங்கியது ஒழுங்கீனம் என்றார். கண்டனம் எழுந்த பிறகு மே 3ஆம் தேதி நேரில் போய்ப் பார்த்தார். பெண் பிள்ளைகள் புகாரோடு வந்தால் முதலில் காது கொடுக்க வேண்டிய நாற்காலி அது. கேரளத்தின் பயோலியிலிருந்து தனியொருத்தியாகக் கிளம்பி வந்தவருக்கு அந்தப் பிள்ளைகளின் நிலைமை யாரும் சொல்லாமலே புரிந்திருக்க வேண்டும். அவரைக் கேட்பதாக இருந்தால் இதைக் கேளுங்கள்.