சொர்க்கவாசலும் திருவாய்மொழியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் வைகுண்ட ஏகாதசி அனுஷ்டிக்கிறோம். இரவு கண் விழிப்பதற்காகத் தொலைக்காட்சியில் மூன்று படங்கள் பார்ப்போம். விடியற்காலையில் வரிசையில் நின்று சொர்க்கவாசலைக் கடந்துவிட்டு வீடு திரும்பி உறங்கிவிடுவோம். அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிறார்; ஆனாலும் தண்ணீர்கூட அருந்தாமல் உபவாசம் இருக்கவேண்டும் என்கிறார். ஒரு வாசலைக் கடப்பதற்கா இவ்வளவும் என்று என் மகள் கேட்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது?

கே.ஆர்.

அன்புள்ள கே.ஆர்.,

உங்கள் மகளின் கேள்வி நியாயமானது. வாசலை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் பார்த்தால் அதற்கு விடை கிடைப்பது கடினம். திருவரங்கத்தில் அந்த வாசல் திறப்பது, தமிழ்ப் பாசுரங்களைப் பெருமாள் கேட்டருளும் நீண்டதொரு விழாவின் நடுவே வருகிற நிகழ்ச்சி. அதற்கு அத்யயன உற்சவம் என்று பெயர். திருநெடுந்தாண்டகம் என்ற பாசுரத் தொகுதியில் தொடங்கி, பகல்பத்தின் பத்து நாட்கள் அர்ச்சுன மண்டபத்தில், நாலாயிர திவ்யப் பிரபந்தத்தின் முதல் பகுதியான முதலாயிரமும் திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழி முதலியவையும் சேவிக்கப்படுகின்றன. கூம்பு வடிவக் குல்லாய் அணிந்த அரையர்கள் கையில் தாளத்துடன் பாசுரங்களைப் பாடி, அபிநயம் பிடித்து, பொருளும் சொல்கிறார்கள். பத்தாம் நாள், கோயிலின் உற்சவமூர்த்தியான நம்பெருமாள் மோகினி அலங்காரத்தில் காட்சி தருகிறார்.

மறுநாள்தான் ஏகாதசி. இருள் பிரியுமுன் ரத்தினங்கள் பதித்த ரத்னங்கி அணிந்து புறப்படும் நம்பெருமாள், சொர்க்கவாசல் எனப்படும் பரமபத வாசலைக் கடந்து ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள திருமாமணி மண்டபத்துக்கு எழுந்தருள்கிறார். கூட்டம் வாசலோடு நின்றுவிடுகிறது; அவர் அங்கே போவது எதற்காக என்பதைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. அன்று தொடங்கும் இராப்பத்தில், நம்மாழ்வாரின் திருவாய்மொழியை நாளுக்கு ஒரு 'பத்து' என்ற பகுதியாகப் பத்து நாட்கள் கேட்பதற்காகவே அவர் போகிறார். ஆயிரத்து நூற்றிரண்டு பாசுரங்களும் அப்படித்தான் நிறைவடைகின்றன.

அந்தப் பத்தாம் பத்தில், 'சூழ்விசும்பு' என்று தொடங்கும் திருமொழியில், வைகுந்தம் செல்லும் அடியாரைக் கண்டு மேகங்கள் முரசென முழங்குவதையும், கடல் அலைக் கைகளை உயர்த்தி ஆடுவதையும், வழிநெடுக உள்ள உலகத்தார் எதிர்கொண்டு உபசரிப்பதையும் ஆழ்வார் பாடுகிறார். இராப்பத்தின் நிறைவு நாளில் நம்மாழ்வார் மோட்சம் நடைபெறுகிறது. ஆழ்வாரின் திருமேனியை அர்ச்சகர்கள் கைகளில் ஏந்திச் சென்று நம்பெருமாள் திருவடியில் சேர்த்துத் துளசியால் மூடுகிறார்கள். பிறகு, உலகத்தார் பொருட்டு ஆழ்வாரைத் திருப்பித் தந்தருளவேண்டும் என்று விண்ணப்பம் செய்து, அவரை மீண்டும் பெற்றுக்கொள்கிறார்கள். வீடுபேற்றைக் கொண்டாடுகிற விழாவில், வீடுபேறு அடைந்த கவிஞரையே மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும் இந்தத் துணிவு எனக்கு இன்றுவரை வியப்பளிக்கிறது. உங்கள் மகளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள் என்பேன்.

ஆகவே, கண் விழிப்பதன் பயன் கேட்பதில் இருக்கிறது. உறக்கத்தை வெல்வதற்காகவே படம் பார்ப்பது விரதமாகாது என்பது என் எண்ணம். பரமபத சோபானம் ஆடுவதை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன், அதில் குழந்தைகள் ஏணியையும் பாம்பையும் சாக்கிட்டுப் பாவபுண்ணியக் கதைகளைக் கேட்க இடமிருக்கிறது. இவ்வாண்டு ஒரே ஒரு படத்தை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் நான் குறிப்பிட்ட திருமொழியின் பதினொரு பாசுரங்களையும் உரையோடு சேர்ந்து வாசித்துப் பாருங்கள்.

வரிசையைப் பற்றியும் ஒன்று. திருவரங்கத்தில் பரமபத வாசல் இராப்பத்தின் பெரும்பாலான நாட்களிலும் திறக்கப்படுகிறது. முதியவரை அழைத்துச் செல்வோர் ஏகாதசி விடியலின் நெரிசலைத் தவிர்த்து இன்னொரு நாளைத் தேர்ந்துகொள்ளலாம். ஏகாதசித் தேதியே எல்லா ஊர்களிலும் ஒன்றாக அமைவதில்லை. தை மாத உற்சவத்தோடு மோதாமலிருக்க, 2021-இல் திருவரங்கத்தில் டிசம்பர் 14 அன்று, கார்த்திகையிலேயே கொண்டாடினார்கள், பிற கோயில்கள் பலவற்றில் 2022 ஜனவரியில்தான் நடந்தது. பரம்பரை வழக்கத்துக்கே இவ்வளவு நெகிழ்வு உண்டு.

அந்த நெகிழ்வு உங்கள் தந்தைக்கும் பொருந்தும். தசமியன்று ஒருவேளை உணவு, ஏகாதசியன்று முழு உபவாசம், துவாதசி காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துப் பாரணை, அதாவது விரதத்தை முடிக்கும் உணவு என்பது இயன்றவர்களுக்கான முறை. முதியோரும் நோயாளிகளும் குழந்தைகளும் தானிய உணவை மட்டும் விட்டுப் பால், பழம் கொள்வதை மரபே ஏற்கிறது. ஊசி போட்டுக்கொண்டு உண்ணாமல் இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடக்கூடும் என்பதால், அன்றைக்கு மருந்தின் அளவு என்ன, எந்த நேரத்தில் எதைச் சாப்பிடுவது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் உபவாசமே வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பாசுரம் வாசிக்கும் பொறுப்பை அப்பாவிடம் கொடுங்கள். வீட்டில் மற்றவர்கள் அமர்ந்து கேட்கட்டும்.