ஒரு வருடம் படகில் வாழ ஆசை: வீட்டுக் கடன் ரீட்ராவில் கை வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் பிரிஸ்பேனில் இருக்கிறோம். எனக்கு 52 வயது, மனைவிக்கு 49. மகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டாள். இரண்டு பேரும் ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு எடுத்து, பாய்மரப் படகில் குயின்ஸ்லாந்து கரையோரமாக விட்சன்டே தீவுகள், டவுன்ஸ்வில் வரை போய் வர நினைக்கிறோம். 1989-இல் கட்டிய 36 அடி ஃபைபர்கிளாஸ் படகு ஒன்று 75,000 டாலருக்கு வந்திருக்கிறது. பராமரிப்புக்கு வருடம் 3,000 போதும் என்கிறார் விற்பவர். வங்கியில் 60,000 சேமிப்பு உண்டு. வீட்டுக் கடன் பாக்கி 2,10,000. கூடுதலாகக் கட்டிய 90,000 ரீட்ராவில் (வேண்டும்போது திரும்ப எடுக்கும் வசதி) இருக்கிறது. வீட்டை வாரம் 700-க்கு வாடகைக்கு விடலாம். என் சம்பளம் 1,10,000, மனைவிக்கு 68,000. ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை என்று நிதியாண்டோடு பொருத்தித் திட்டம் போட்டிருக்கிறோம். ரீட்ராவிலிருந்து எடுத்துப் படகு வாங்கலாமா? சூப்பரிலிருந்து (ஓய்வுக்கால நிதி) கொஞ்சம் எடுக்க முடியுமா? மனைவிக்கு ஆசை இருக்கிறது, ஆனால் கடல் ஒத்துக்கொள்ளுமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: சூப்பரை முதலில் முடித்துவிடுவோம். 1964 ஜூன் 30-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்தப் பணம் 60 வயது வரை பூட்டியேதான் இருக்கும். படகுப் பயணத்துக்காகத் திறக்க வழியில்லை. அப்படி வழி இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் போகலாமா என்று கேட்டால், போங்கள் என்றே சொல்வேன். உங்கள் கணக்கு அதைத் தாங்கும். நான் மாற்றச் சொல்வது இரண்டு: புறப்படும் தேதி, பணம் எடுக்கும் விதம்.

தேதியைப் பார்ப்போம். நிதியாண்டு முழுக்க விடுப்பு என்றால் ஒரு வருடம் முழுச் சம்பளத்துக்கு வரி கட்டிவிட்டு, அடுத்த வருடம் 18,200 டாலர் வரியில்லா வரம்பைப் பெரும்பாலும் வீணாக்குவீர்கள். ஜனவரி முதல் டிசம்பர் வரை எடுத்தால் இரண்டு நிதியாண்டிலும் அரைச் சம்பளம். 2025-26 வரி விகிதத்தையே இரண்டு வருடத்துக்கும் வைத்து, மெடிகேர் தீர்வையையும் குறைந்த வருமானத்துக்கான வரிச் சலுகையையும் விட்டுவிட்டுப் பார்த்தால்: உங்கள் 1,10,000-ஐ ஒரே வருடத்தில் வாங்கினால் வரி 23,788. அதையே 55,000 வீதம் இரண்டு வருடத்தில் வாங்கினால் 14,576. மனைவிக்கு 11,188 வர வேண்டிய இடத்தில் 5,056. இருவருக்கும் சேர்த்து மிச்சம் 15,344 டாலர். வீட்டு வாடகை வருமானம் இரண்டு வருடத்திலும் சம்பளத்தின் மேல் வந்து உட்காரும் என்பதால் இது கொஞ்சம் குறையும். அப்போதும் 11,000-க்குக் குறையாது என்பது என் கணக்கு. அதில் ஒரு பகுதி ஜூலையில் ரிட்டர்ன் போட்டதும் ரீஃபண்டாகக் கைக்கு வரும், நீங்கள் விட்சன்டேயில் நங்கூரம் போட்டிருக்கும் நேரத்தில்.

காற்றும் இந்த நாட்காட்டிக்கே ஒத்து வருகிறது. அந்தக் கரையில் ஏப்ரல் கடைசியிலிருந்து தென்கிழக்குக் காற்று நிலையாக வீசும், வடக்கே போகிறவர்களை முதுகில் தள்ளிக்கொண்டு போகும். வசந்தத்தில் வடக்குக் காற்று அடிக்கடி வரும். அதைப் பிடித்துத் திரும்பலாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை சூறாவளிப் பருவம். அந்த மாதங்களில் படகு குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு வடக்கே இருந்தால் சூறாவளிச் சேதத்துக்கு இழப்பீடு இல்லை என்று பல காப்பீடுகளில் வரியே போட்டிருப்பார்கள். 2017 மார்ச்சில் டெபி சூறாவளி விட்சன்டே கரையிலுள்ள ஏர்லி பீச் அருகே கரையேறியபோது அங்கே எத்தனை படகுகள் நொறுங்கின என்பது நினைவிருக்கும். ஜூலையில் புறப்பட்டால் ஊர் பார்க்க நான்கு மாதம்தான் கிடைக்கும், பிறகு பாதி வருடம் தெற்கே ஒதுங்கி இருக்க வேண்டும். ஜனவரியில் விடுப்பைத் தொடங்கினால் முதல் மூன்று நான்கு மாதம் பிரிஸ்பேன் அருகே மோர்ட்டன் விரிகுடாவில் படகைப் பழகலாம், பழுது பார்க்கலாம். 2025 மார்ச்சில் ஆல்ஃபிரெட் சூறாவளி பிரிஸ்பேன் பக்கமே வந்தது என்பதால் அங்கும் நல்ல கட்டுதுறை ஒன்றைப் பேசி வையுங்கள். மேயில் புறப்பட்டு அக்டோபர் கடைசியில் திரும்பிவிடலாம்.

அடுத்து ரீட்ரா. கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது இதுதான். வீட்டை வாடகைக்கு விட்டால் கடன் வட்டியை வாடகை வருமானத்தில் கழிக்கலாம். ஆனால் ரீட்ராவில் எடுப்பது உங்கள் பழைய பணம் அல்ல, புதிய கடன் என்றே வரி அலுவலகம் பார்க்கும். படகு சொந்த உபயோகத்துக்கு என்பதால் அந்தப் பங்குக்கான வட்டியைக் கழிக்க முடியாது. அதைவிடச் சிக்கல், இரண்டும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் பிறகு நீங்கள் கட்டும் ஒவ்வொரு டாலரும் விகிதப்படி இரண்டுக்கும் பிரியும். படகுக் கடனை முதலில் அடைக்கிறேன் என்று சொல்ல வழி இருக்காது. (இதே 90,000 ஆஃப்செட் கணக்கில், அதாவது கடனோடு இணைத்து வட்டியைக் குறைக்கும் சேமிப்புக் கணக்கில், இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.) அதனால் ஒரு டாலர் எடுப்பதற்கு முன்னால் வங்கியிடம் பேசிக் கடனை இரண்டாகப் பிரியுங்கள்: வீட்டுக்கு 2,10,000 ஒரு கணக்கு, படகுக்குத் தனிக் கணக்கு. படகை விற்கும்போது அந்தப் பணத்தை நேராக இரண்டாவது கணக்கில் கட்டிவிடலாம். வாடகைக்கு விடுவதையும் வங்கிக்கும் வீட்டுக் காப்பீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். ஒரு வருடம் வாடகைக்கு விட்டதால் முதலீட்டு லாப வரி வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். வேறு வீட்டைக் குடியிருப்பாகக் காட்டாதவரை ஆறு வருடம் வரை அதையே உங்கள் குடியிருப்பாக வைத்துக்கொள்ளலாம்.

சரி, அந்த 3,000 டாலர் பராமரிப்பு. படகை ஒரு தடவை கரையேற்றி, அடியில் ஒட்டிய கொட்டலசைச் சுரண்டி, அது மீண்டும் ஒட்டாமல் தடுக்கும் ஆன்டிஃபவுலிங் பெயின்ட் அடித்து, உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கும் துத்தநாகக் கட்டிகளை மாற்றி இறக்கவே அந்தப் பணம் போய்விடும். அது வருடாந்தரச் செலவு மட்டும்தான். 1989 படகில் பெரிய செலவு வருடா வருடம் வராது, திடீரென்று மொத்தமாக வரும். பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் எஃகுக் கம்பிகளை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பில் காட்டச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து வருடம் தாண்டியிருந்தால் காப்பீட்டுக்காரர் முகம் சுளிப்பார். முழுதாக மாற்ற 12,000 முதல் 15,000 வரை ஒதுக்க வேண்டியிருக்கும். இன்ஜின் சேல்டிரைவ் வகையா என்று பாருங்கள். அதன் கால் படகின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது, அங்கே தண்ணீரைத் தடுப்பது ஒரு ரப்பர் வளையம். வால்வோ பென்டா அதை ஏழு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. வளையத்தின் விலை பெரிதல்ல. இன்ஜினை நகர்த்தும் கூலிதான் பெரிது. பாட்டரி, நங்கூரச் சங்கிலி, கழிவறைக் குழாய், பாய்த் தையல் என்று மற்றவை ஐந்நூறும் ஆயிரமுமாகக் கரைக்கும்.

நானே ஒரு 28 அடிப் படகில் பாதிப் பங்கு வைத்து ஆறு வருடம் ஓட்டியவன். பீல் தீவு அருகே ஒரு ஞாயிற்றுக்கிழமை கடல்நீர் பம்பின் ரப்பர் சக்கரம் பிய்ந்து இன்ஜின் சூடேறி நின்றது. நூறு டாலருக்குள் முடிந்திருக்கும் சாமான், மாற்றாமல் விட்டது எங்கள் தவறு. இழுத்து வந்த செலவும் இன்ஜின் வேலையும் சேர்ந்து நாலாயிரத்தைத் தாண்டின. அன்றிலிருந்து யார் கேட்டாலும் சொல்கிறேன்: உதிரிப் பாகத்துக்கான பணம் சாப்பாட்டுப் பணத்தோடு கலக்கக் கூடாது.

ஆகவே உங்கள் 75,000-ஐ படகின் விலையாக நினைக்காதீர்கள். படகும் முதல் வருடப் பழுதும் சேர்ந்து 75,000-க்குள் நிற்க வேண்டும். அப்படியானால் 50,000 முதல் 55,000 வரை உள்ள படகு, அல்லது இதே படகைச் சோதித்த சர்வேயரின் அறிக்கையைக் காட்டிப் பேசிக் குறைத்த விலை. சர்வேயரை நீங்களே அமர்த்துங்கள், படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்க்கச் செய்யுங்கள். இந்த வயசுப் படகுக்கு அந்த அறிக்கை இல்லாமல் காப்பீடு கிடைப்பதே கஷ்டம். பதிவுக் கட்டணம், ஆபத்தில் இருப்பிடத்தை அறிவிக்கும் ஈபெர்ப் கருவி, உயிர்காப்பு அங்கி எல்லாம் இந்தத் தொகைக்குள்ளேயே வரட்டும்.

60,000 சேமிப்பில் 35,000 அந்த வருடச் சாப்பாடு, டீசல், அவ்வப்போது மரைனா வாடகைக்கு. பெரும்பாலும் நங்கூரத்தில் இருந்தால் போதும். விட்சன்டேயில் இலவசப் பொது மிதவைகளும் உண்டு, நேர வரம்பு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மீதி 25,000-ஐத் தொடவே கூடாது. திரும்பி வந்ததும் வேலை இரண்டு மாதம் தள்ளிப் போகலாம், படகு ஒரு வருடமாகியும் விற்காமல் கிடக்கலாம். வாடகையில் வீட்டுத் தவணை, ஏஜென்ட், கவுன்சில் வரி போக மிஞ்சுவது ஐயாயிரம் சொச்சம். படகுக் கடனின் வட்டிக்கு அது சரியாகப் போகும்.

சூப்பருக்குள் இருக்கும் ஆயுள் காப்பீட்டையும் பாருங்கள். தொடர்ந்து 16 மாதம் கணக்கில் பணம் விழாவிட்டால் அது ரத்தாகும். ஒரு வருடம் என்றால் தப்பும், ஆனால் பயணம் நீண்டால் தப்பாது. காப்பீடு தொடரட்டும் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வருமானப் பாதுகாப்புக் காப்பீடு சம்பளமில்லா விடுப்பில் செல்லுமா என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் மனைவியின் பயத்துக்கு என்னிடம் கணக்கு இல்லை, வழி ஒன்று இருக்கிறது. ஏர்லி பீச்சில் மாலுமி இல்லாமல் படகை வாரக் கணக்கில் வாடகைக்குத் தருகிறார்கள், படகு உரிமம்கூடத் தேவையில்லை. முதல் நாள் சொல்லிக் கொடுத்துவிட்டு அனுப்புவார்கள். சில ஆயிரம் டாலர் ஆகும். காற்று கொஞ்சம் பலமாக இருக்கும் ஜூலை அல்லது ஆகஸ்டில் போய், ஏழு இரவு அதிலேயே தூங்கிப் பாருங்கள். 36 அடிப் படகுக்கு முன்பணம் கொடுப்பதை அதுவரை தள்ளிப் போடுங்கள்.