மூன்று மாதம் நடைப்பயிற்சி செய்தும் எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) குறையவில்லை: எடைப்பயிற்சிக்கு மாறலாமா?

நடையை விட்டுவிட்டு மாற வேண்டாம். அதனோடு வாரத்தில் இரண்டு நாள் எடைப்பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடை, நீச்சல், மிதிவண்டி ஆகியவை பெரும்பாலும் டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பைக் குறைத்து, நல்ல கொழுப்பான எச்டிஎல்லைச் சற்றே உயர்த்துகின்றனவே தவிர, உணவும் உடல் எடையும் மாறாத நிலையில் எந்தப் பயிற்சியாலும் எல்டிஎல் பெரிதாக இறங்குவதில்லை. ஆகவே உங்கள் எல்டிஎல் 148 மி.கி./டெசிலிட்டரிலேயே நிற்பதை உங்கள் முயற்சியின் தோல்வியாகக் கொள்ளாதீர்கள்.

பல ஆண்டுகள் உட்கார்ந்தே பணிபுரிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நடையின் வேகம் போதாமல் இருப்பது ஒரு காரணமாக இருக்கக்கூடும். நடக்கும்போதே பேசிப் பாருங்கள்: பேச முடிந்து, பாட முடியாதபடி மூச்சு வாங்கினால் அது மிதமான வேகம், தாராளமாகப் பாட முடிந்தால் வேகத்தைக் கூட்டுங்கள். அந்த வேகத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் சேர்கிறதா என்று குறித்துவாருங்கள். எடைப்பயிற்சியை, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் 10 முறை எழுந்து அமர்வதிலேயே தொடங்கலாம்.

மாதவிடாய் நிற்கும் காலத்திலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும் என்பதால், தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்எச் இரத்தச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எல்டிஎல் 190ஐத் தொட்டால் பயிற்சியை மட்டும் நம்பிக் காத்திருக்கக் கூடாது. நடக்கையில் நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவியை நாடுங்கள்.