பல்லக்கும் சம்பளச் சீட்டும்

வாசகர் கேள்வி – பதில்

ஜப்பானியக் காதல் நகைச்சுவைத் தொடர்களைப் பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காதலைப் பற்றிக் கேட்கவில்லை; திருமணத்தையும் பணத்தையும் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இந்த முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறோம்.

கேள்வி: ஜப்பானில் எல்லோரும் நடுத்தர வர்க்கம்தான், மேல் கீழ் என்பதே கிடையாது என்று படித்திருக்கிறேன். ஆனால் நான் பார்க்கும் தொடர்களில் பணக்காரப் பையன், ஏழைப் பெண், எதிர்க்கும் தாய் என்றுதானே கதை போகிறது?
– வாசகி, திருச்சி

பதில்: 'பத்துக் கோடிப் பேரும் நடுத்தரம்' என்று 1970களில் ஜப்பானியர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டது உண்மைதான். அதற்குக் காரணமும் இருந்தது. 1947இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் பிரபுப் பட்டங்களை ஒழித்தது. 'ஸைபாட்சு' எனப்பட்ட பெரும் வணிகக் குடும்பங்களின் கூட்டு நிறுவனங்களை, போரில் தோற்ற ஜப்பானை ஆண்ட நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு நிர்வாகம் கலைத்தது. திருமணத்துக்குக் குடும்பத் தலைவரின் சம்மதத்தைக் கோரிய பழைய குடும்பச் சட்டமும் அந்தக் காலத்திலேயே நீங்கியது. 1990களின் தொடக்கத்தில் நிலத்தின் விலையும் பங்குகளின் விலையும் சரிந்த பிறகு, அந்தச் சமத்துவ நம்பிக்கையும் மெல்லத் தேய்ந்தது. ஓய்வு வரை வேலை உறுதியுள்ள நிரந்தர ஊழியர் ஒருபுறமும், ஒப்பந்தம் முடிந்தால் வெளியேற வேண்டிய தற்காலிக ஊழியர் மறுபுறமுமாக, ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் இரண்டு வர்க்கங்கள் உட்காரத் தொடங்கின. 'ஏற்றத்தாழ்வுச் சமூகம்' என்னும் பொருள்படும் 'காகுஸா ஷாகாய்' 2006 வாக்கில் அன்றாடச் சொல்லாகிவிட்டது. எனவே ஜப்பானியத் தொடரில் ஒரு பாத்திரத்தின் குலத்தைத் தெரிந்துகொள்ள அவருடைய நகைகளைப் பார்க்க வேண்டியதில்லை. அவர் எந்த நிறுவனத்தில், எந்த வகை ஒப்பந்தத்தில் வேலை செய்கிறார் என்று கவனித்தால் போதும்.

மேல் கீழ் கிடையாது என்று நீங்கள் படித்ததில் இன்னொரு பிழையும் இருக்கிறது. தோல் பதனிடுதல், விலங்குகளை அறுத்தல் போன்ற தொழில்களால் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் 'புராகுமின்' என்று அழைக்கப்பட்டனர். 1871இல் அரசாணை அவர்களைச் சட்டப்படி விடுவித்த பின்னும், வரன் பேசும்போது துப்பறிவாளரை வைத்துப் பூர்விகத்தை விசாரிக்கும் வழக்கம் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. அவர்களுடைய குடியிருப்புகளின் பெயர்ப் பட்டியலை நிறுவனங்கள் இரகசியமாக விலைக்கு வாங்கி வைத்திருந்தது 1975இல் வெளிப்பட்டது. இந்தச் சங்கதியைக் காதல் நகைச்சுவைத் தொடர்கள் தொடுவதில்லை. சிரித்துக் கடக்கக்கூடிய வேற்றுமைகளை மட்டுமே அவை தேர்ந்தெடுக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வி: புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், ஈரோடு

பதில்: 2000ஆம் ஆண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஃபுஜி தொலைக்காட்சி திங்கட்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஒளிபரப்பிய 'யமாடோ நாடேஷிகோ'வைப் பாருங்கள். மொத்தம் 11 பகுதிகள்தான். அடக்கமும் பொறுமையும் உள்ள இலட்சியக் குலப்பெண்ணை ஜப்பானியர் இந்தப் பெயரால் குறிப்பார்கள். தொடரின் நாயகி சாகுராகோவோ அதற்கு நேர் எதிரானவர். மட்சுஷிமா நானாகோ நடித்த இந்த விமானப் பணிப்பெண், ஆணிடம் பார்க்க வேண்டியது பணம் ஒன்றைத்தான் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். ஆண்களும் பெண்களும் சம எண்ணிக்கையில் கூடிப் பழகும் 'கோகோன்' விருந்துகளுக்குப் போவதை அவர் ஒரு தொழிலைப் போலவே நடத்துகிறார். இரவு வீடு திரும்பும்போதுதான் நமக்கு விஷயம் விளங்குகிறது. அவர் வசிப்பது ஒரு பழைய, பாழடைந்த வாடகை அறை. அதற்குள் விலையுயர்ந்த உடைகள் மட்டும் ஒழுங்காகத் தொங்குகின்றன. டோயாமா மாகாணத்துக் கடற்கரையில் ஓர் ஏழை மீனவர் வீட்டில் பிறந்தவர் அவர் என்பதைத் தோழிகள்கூட அறியமாட்டார்கள்.

பணக்கார மருத்துவர் என்று தவறாக எண்ணி அவர் நெருங்கும் ஓசுகே, உண்மையில் ஒரு மீன்கடைக்காரர். சாகுராகோ எந்த மீன் வாடையிலிருந்து தப்பி ஓடினாரோ அந்த வாடையே டோக்கியோவில் அவரை எதிர்கொள்கிறது என்பதுதான் கதையின் குறும்பு. கடைசிப் பகுதியை, டோக்கியோவைச் சூழ்ந்த கான்டோ வட்டாரத்தில் 34.2 சதவீத வீடுகள் பார்த்தன.

பணம் பார்க்கும் பெண்ணைத் தொடர் பேராசைக்காரியாக்கவில்லை. வறுமையை அறிந்தவள் அஞ்சுவது வறுமைக்குத்தான் என்பதைப் புரிந்துகொண்டு எழுதியிருக்கிறார் திரைக்கதையாசிரியர் நாகாசோனோ மிஹோ. ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஓசுகே வெறும் மீன்கடைக்காரர் அல்லர். அமெரிக்காவில் கணித ஆய்வு செய்துவந்து, தந்தை இறந்ததால் படிப்பைக் கைவிட்டுக் கடைக்கு வந்தவர். நாயகி பணத்தைத் துறந்தாலும் படிப்பைத் துறக்க வேண்டியதில்லாதபடி கதை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுகிறது. கணிதம் தெரியாத, தந்தையும் பாட்டனும் விற்ற மீனையே விற்கிற ஒருவரை அவர் மணந்திருப்பாரா? அந்தக் கேள்வியை எதிர்கொள்ளும் துணிவு இந்த வகைத் தொடர்களுக்கு இன்றுவரை வரவில்லை என்பதே என் எண்ணம்.

கேள்வி: பள்ளி மாணவர்கள் வரும் 'ஹானா யோரி டாங்கோ'வைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே?
– மாணவி, சென்னை

பதில்: காமியோ யோகோவின் சித்திரக்கதையை வைத்து டிபிஎஸ் நிலையம் 2005இலும் 2007இலும் எடுத்த தொடர் அது. தைவான் 2001இலேயே இதைத் தொடராக்கிவிட்டது. கொரியா 2009இல் எடுத்தது. நீங்கள் பார்த்தது அவற்றுள் ஒன்றாகவும் இருக்கலாம். செல்வர்கள் படிக்கும் பள்ளியில் சேர்க்கப்படும் ஏழைப் பெண்ணுக்கு ட்சுகுஷி என்று வயலோரத்தில் முளைக்கும் ஒரு செடியின் பெயரை வைத்திருக்கிறார்கள். 'பூவைவிடக் கொழுக்கட்டை மேல்' என்ற பழமொழியில், கொழுக்கட்டை என்னும் சொல்லை ஆண்பிள்ளை என்னும் பொருள் தரும் எழுத்துகளால் எழுதியதுதான் தலைப்பின் சிலேடை. பெண் செல்வர் வீட்டுக்கு மணமாகிப் போவதை ஜப்பானிய மொழியில் 'டாமா நோ கோஷி', அதாவது மணிப் பல்லக்கு, என்பார்கள். ட்சுகுஷியின் பெற்றோர் அந்தப் பல்லக்குக்காகவே காத்திருக்கிறார்கள். அவரோ நடந்தே போவேன் என்கிறார். நாயகனின் குடும்பத்தை ஸைபாட்சு என்று அழைப்பதிலிருந்தே, கலைக்கப்பட்டு அறுபது ஆண்டுகள் ஆன ஒன்றைக் கனவில் மீட்டெடுக்கிறார்கள் என்பது தெரிகிறது. வயது வந்தவர்களுக்கு எழுதப்பட்ட தொடர்களே எனக்கு விருப்பம் என்பதால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: வீட்டு வேலைக்குச் சம்பளம் கேட்கும் மனைவியைப் பற்றி ஒரு தொடர் வந்ததாமே? அது காதல் கதையா, தொழிற்சங்கக் கதையா?
– வாசகர், மதுரை

பதில்: இரண்டும்தான். உமினோ ட்சுனாமியின் சித்திரக்கதையிலிருந்து நோகி அகிகோ திரைக்கதை எழுத, 2016இல் டிபிஎஸ் ஒளிபரப்பிய அத்தொடரின் பெயருக்கு 'ஓடுவது வெட்கம்தான், ஆனாலும் உதவும்' என்று பொருள். 'நிகெஹாஜி' என்று சுருக்கி அழைப்பார்கள். முதுகலை வரை உளவியல் படித்தும் நிரந்தர வேலை கிடைக்காத மிகுரி, தற்காலிக வேலையையும் இழந்த பின், கணினிப் பொறியாளர் ஹிராமாசாவின் வீட்டில் சம்பளத்துக்கு வீட்டு வேலை செய்கிறார். பெற்றோர் ஊர் மாறும்போது, வேலையை விட மனமின்றி, 'என்னை மனைவி என்ற பணியில் அமர்த்திக்கொள்ளுங்கள்' என்று அவரே முன்மொழிகிறார். வேலை நேரம், விடுமுறை, வாடகையில் பங்கு எல்லாம் கணக்கிட்டு மாதம் 1 இலட்சத்து 94 ஆயிரம் யென் சம்பளம் முடிவாகிறது. முழுநேர இல்லத்தரசியின் ஊதியமில்லா உழைப்பை ஆண்டுக்கு 30 இலட்சத்து 41 ஆயிரம் யென் என்று மதிப்பிட்ட அரசுத் தரப்புக் கணக்கையும் அவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள்.

சாகுராகோ கணவனின் சொத்தைக் கணக்கிட்டார். மிகுரி தன் உழைப்பைக் கணக்கிடுகிறார். இரண்டு தொடர்களுக்கும் இடையிலான 16 ஆண்டுகளில் பெண்ணின் கையிலிருந்த கணக்குப் புத்தகம் எங்கும் போகவில்லை. அதில் எழுதப்படும் வரவு மட்டும் மாறியிருக்கிறது.

பத்தாம் பகுதியில் வரும் காட்சியைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். அதற்குள் இருவருக்கும் உண்மையான அன்பு அரும்பிவிட்டது. ஹிராமாசா முறைப்படி மணந்துகொள்ளலாம் என்று கேட்கிறார். சட்டப்படி மனைவியானால் சம்பளம் தர வேண்டியதில்லை, சேமிப்பு கூடும் என்று வரவுசெலவுக் கணக்கையும் காட்டுகிறார். வேறு எந்தத் தொடரிலும் நாயகி கண்ணீர் மல்கச் சம்மதித்திருப்பார். மிகுரியோ, அன்பைக் காட்டி உழைப்பை இலவசமாக வாங்குவது சுரண்டல் என்கிறார். அந்தக் கணக்குக்குப் பின்னால், ஆட்குறைப்பில் வேலை போகப்போகிறது என்று ஹிராமாசா சொல்லாமல் வைத்திருந்த அச்சம் இருக்கிறது. கரடுமுரடான இந்தப் பேச்சுவார்த்தையிலிருந்து, வீட்டை இருவரும் சேர்ந்து நடத்தும் ஒரு நிறுவனமாக, இருவரும் அதன் பொறுப்பாளர்களாக வைத்துக்கொள்வது என்ற முடிவுக்கு அவர்கள் வருகிறார்கள். முதல் பகுதியில் 10.2 சதவீதமாக இருந்த பார்வையாளர் அளவு கடைசியில் 20.8 ஆயிற்று. நடிகர்கள் ஆடிய முடிவுப் பாடல் நடனத்துக்கும் அதில் பங்குண்டு என்பதை மறுக்கமாட்டேன்.

கேள்வி: பல்லக்கில் ஏறும் ஆண்கள் கிடையாதா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: அதற்கும் 'கியாகு டாமா', தலைகீழ்ப் பல்லக்கு, என்று சொல் உண்டு. 2015இல் வந்த 'டேட்' தொடரில், முப்பது வயதைத் தாண்டியும் தாயின் வருமானத்தில் புத்தகம் படித்து வாழும் டாகுமி, தன்னை 'கோடோ யூமின்', அதாவது உயர்கல்வி பெற்ற சும்மா இருப்பவர், என்று பெருமையோடு அழைத்துக்கொள்கிறார். தாய்க்குப் பிறகு தன்னைக் காப்பாற்ற ஒரு பெண் வேண்டும் என்பதற்காக, எல்லாவற்றையும் சூத்திரமாகவே பார்க்கும் அரசு அதிகாரி யோரிகோவை அணுகுகிறார். மெய்ஜி காலத்தில் (1868–1912) நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்திய பட்டத்தை, தாயின் வருமானத்தை எண்ணும் வீட்டில் சூடிக்கொள்வதே அதில் பெரிய நகைச்சுவை.

கேள்வி: பெற்றோர் பார்த்து முடிக்கும் திருமணம் அங்கே இன்னும் உண்டா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: 1930களின் பிற்பகுதியில் பத்துக்கு ஏழு திருமணங்கள் 'ஒமியாய்' என்னும் பெண் பார்க்கும் முறையில் நடந்தன. 1960களின் பிற்பகுதியில் காதல் திருமணம் அதை முந்தியது. 2010களில் ஒமியாய் ஐந்து சதவீத அளவுக்கு இறங்கியது. இதனால் காதல் பெருகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். 2020 கணக்கெடுப்பின்படி ஐம்பது வயதில் ஒருமுறைகூட மணமாகாதவர்கள் ஆண்களில் ஏறத்தாழ 28 சதவீதம், பெண்களில் 18 சதவீதம். சமூகவியலாளர் யமாடா மாசாஹிரோவும் எழுத்தாளர் ஷிராகாவா டோகோவும் 2008இல் எழுதிய நூலால் 'கோன்காட்சு', அதாவது வரன் வேட்டை, என்ற சொல் பரவியது. பட்டதாரிகளின் வேலை வேட்டையைக் குறிக்கும் 'ஷூகாட்சு'வின் அச்சில் வார்த்த சொல் அது. மறு ஆண்டே அதைத் தலைப்பாக வைத்துத் தொடரும் வந்துவிட்டது.

கேள்வி: நிகெஹாஜியில் நடித்த இருவரும் நிஜத்திலும் மணந்துகொண்டார்களாமே? தொடரின் தம்பதி கடைசியில் பதிவுத் திருமணம் செய்தார்களா?
– வாசகி, சேலம்

பதில்: ஆம், அரகாகி யுயும் ஹோஷினோ கென்னும் 2021 மே மாதத்தில் திருமணத்தை அறிவித்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் வந்த சிறப்புப் பகுதியில், அதுவரை பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்ந்த தொடர்த் தம்பதி, மிகுரி கருவுற்றதால் பதிவைப் பற்றி யோசிக்கிறார்கள். அங்கே அவர்கள் தயங்கி நிற்பது குடும்பப் பெயர் விஷயத்தில்தான். ஜப்பானியக் குடிமைச் சட்டத்தின் 750ஆம் பிரிவு, கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரைக் கொள்ள வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது; யாருடைய பெயர் என்று சொல்லவில்லை. நகராட்சி அலுவலகத்தில் கொடுக்கும் திருமணப் பதிவுப் படிவத்தில் 'கணவனின் பெயர்', 'மனைவியின் பெயர்' என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. இரண்டாவது கட்டத்தில் குறியிடும் தம்பதிகள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருக்கிறார்கள்.