விண்டோஸ் லேப்டாப்ல ஆர்டிஎக்ஸ் 3050 இருந்தும் டென்சர்ஃப்ளோ ஏன் ஜிபியுவை எடுக்க மாட்டேங்குது?

டிரைவர் லேட்டஸ்ட், கூடா (CUDA, ஜிபியுல கணக்கு ஓட்ட என்விடியா தர்ற சாஃப்ட்வேர்) 12 போட்டாச்சு, ஆனாலும் ஜிபியு டிவைஸ் லிஸ்ட் காலியாவே வருதுன்னு கேட்டிருக்கீங்க. எதையும் அன்இன்ஸ்டால் பண்ணிடாதீங்க, முதல்ல டென்சர்ஃப்ளோ (ஏஐ மாடல் ட்ரெயின் பண்ற பைத்தான் லைப்ரரி) வெர்ஷன் என்னன்னு மட்டும் பாருங்க. 2.11 அல்லது அதுக்கு மேலன்னா, விண்டோஸ்ல நேரடியா என்ன பண்ணாலும் கார்டு வராது. 2.10தான் அங்க ஜிபியு சப்போர்ட் இருந்த கடைசி வெர்ஷன். புதுசுல எரர் அடிச்சு நிக்கவும் நிக்காது, பாட்டுக்கு சிபியுல ஓடிட்டு இருக்கும், அதனாலதான் எங்க தப்புன்னே பிடிபடாது.

இது தெரியாம நான் ரெண்டு ராத்திரி முழுக்க கூடாவை அழிச்சு அழிச்சுப் போட்டேன். என்விடியா எஸ்எம்ஐ (nvidia-smi) கமாண்ட் அடிச்சா மேல வலது ஓரத்துல கூடா வெர்ஷன்னு ஒரு நம்பர் வரும்ல, அதைப் பாத்துட்டு எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு நம்பிட்டேன், ஆனா அது உங்க டிரைவர் எந்த வெர்ஷன் வரைக்கும் தாங்கும்ங்கிறதுதான், மெஷின்ல கூடா டூல்கிட் இருக்கா இல்லையான்னு அது சொல்லாது. அதுக்கு என்விசிசி (nvcc) கமாண்ட்ல வெர்ஷன் கேக்கணும்.

இப்ப உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. விண்டோஸ்லயே இருக்கணும்னா கோண்டால (பைத்தான் பேக்கேஜ்களைத் தனித்தனியா வைக்கற டூல்) தனி என்விரான்மென்ட் போட்டு பைத்தான் 3.10, கூடா 11.2, கூடிஎன்என் (cuDNN, நியூரல் நெட்வொர்க்குக்கான என்விடியா லைப்ரரி) 8.1, டென்சர்ஃப்ளோ 2.10, இதே நம்பர்தான் வேணும், கூடா 12 இதுக்கு உதவாது. நம்பை (NumPy) லைப்ரரியையும் 2-க்குக் கீழ இருக்கட்டும், இல்லன்னா இம்போர்ட்லயே உடையும்.

ஆனா புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்றது டபிள்யூஎஸ்எல் 2-தான், அதாவது விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டற வசதி. உபுண்டு போட்டு, உள்ள பிப்ல (பைத்தான் பேக்கேஜ் போடற கமாண்ட்) டென்சர்ஃப்ளோவோட 'அண்ட் கூடா'ங்கிற (tensorflow[and-cuda]) எக்ஸ்ட்ராவையும் சேர்த்துப் போட்டா கூடா, கூடிஎன்என் எல்லாம் அதுவே இறங்கிடும் (2.14-லேர்ந்து இந்த வசதி இருக்கு). ஒரே விஷயம், உபுண்டுக்குள்ள என்விடியா லினக்ஸ் டிரைவரைத் தயவுசெஞ்சு போடாதீங்க, விண்டோஸ்ல இருக்கற டிரைவரே உள்ள தெரியும், மேல இன்னொண்ணைப் போட்டா அது மறைஞ்சுபோய் திரும்ப முதல்லேர்ந்து வரணும். டேட்டாசெட்டையும் சி டிரைவ்ல வச்சு உள்ளேர்ந்து படிக்காதீங்க, ரொம்ப ஸ்லோ, லினக்ஸ் ஹோம் ஃபோல்டருக்கு காப்பி பண்ணிக்கோங்க.

கார்டு லிஸ்ட்ல வந்ததும் இன்னொண்ணு. டென்சர்ஃப்ளோ ஸ்டார்ட் ஆனதுமே கார்டு மெமரி கிட்டத்தட்ட மொத்தத்தையும் பிடிச்சு வச்சுக்கும், 3050 லேப்டாப்ல பெரும்பாலும் 4 ஜிபிதான், அதனால மாடலைத் தொடறதுக்கு முன்னாடியே மெமரி குரோத் செட்டிங்கை (தேவைக்கேத்த மாதிரி மட்டும் மெமரி எடுக்கறது) ட்ரூன்னு வச்சிடுங்க, பேட்ச் சைஸ் (ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிள் குடுக்கறோம்ங்கிறது) 8, 16-ன்னு சின்னதா ஆரம்பிங்க.

டென்சர்ஃப்ளோதான் வேணும்னு கட்டாயம் இல்லன்னா, இதே வேலைக்கான இன்னொரு லைப்ரரியான பைடார்ச் இன்னிக்கும் விண்டோஸ்ல நேரடியா ஜிபியுல ஓடும். அங்கயும் வெறும் பிப் இன்ஸ்டால் அடிச்சா சிபியு பில்டுதான் வரும், அவங்க சைட்ல கூடா வெர்ஷனை செலக்ட் பண்ணி அது குடுக்கற கமாண்டை அப்படியே போடுங்க.